மூன்று இலக்க வயது

கடைசியாக வந்தவருக்குச் சிறுநீரகத்தில் கல்.
ஆட்டுத்தோல் வியாபாரி, வலியிலும் கட்டணத்துக்குப் பேரம் பேசினார்.
அவர் போனபின் படுக்கையைத் துடைத்தேன்.
பதினொன்றரைக்குப் பின்வாசல் வழியே பெரிஹான் வந்தாள்,
கய்செரியின் பனி தோளில் இருக்க,
முட்டை சுமப்பவளைப் போல
பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

பஞ்சை விலக்கினாள்.
பாதி தேய்ந்த சோப்பு அளவுக்கு
ஒரு மண்கட்டி.
மேலே கோழி கிளறிய மாதிரிக் கீறல்கள்,
உருளை முத்திரை ஓடிய தடத்தில்
ஒரு மனிதன், ஒரு காளை, ஒரு பிறை.

"இது உறைதான்" என்றாள்.
"கடிதம் உள்ளே.
அதுவும் களிமண், இதுவும் களிமண்.
படிக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்.
வாங்கியவன் உடைக்கவில்லை."
ஏன் என்று கேட்டேன்.
செத்திருக்கலாம். ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம்.
"இல்லை, உள்ளே என்ன இருக்குமென்று
தெரிந்திருக்கலாம்"
கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

எங்கள் இயந்திரம் யாரையும் சும்மா பார்க்காது.
பெயர் கேட்டது. 'களிமண்' என்று அடித்தேன்.
ஆணா பெண்ணா என்றது.
பெண் என்றாள் பெரிஹான்;
அனுப்பியவள் பெயர் உறைமேல் இருக்கிறதாம், நுஹ்ஷாத்தும்.
வயது?
மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.
அந்தக் கட்டம் மூன்று இலக்கத்துக்குமேல் ஏற்காது.
ஒரு சுழியத்தைத் தின்றுவிட்டு
முந்நூற்றுத் தொண்ணூறு என்று காட்டிச் சிவந்தது.
இன்னொரு சுழியத்தையும் நானே எடுத்தேன்.
முப்பத்தொன்பது.
என் வயதும் அதுதான்.

படுக்கை நகர்ந்தது.
பதிவுசெய்த குரல் வழக்கம்போல் சொன்னது:
மூச்சை இழுங்கள். அடக்குங்கள்.
பெரிஹானும் நானும் அடக்கினோம்.
அது ஏற்கெனவே அடக்கித்தான் வைத்திருந்தது.

திரையில் சீவல் சீவலாக வந்தது.
சாம்பல், சாம்பல், வெறும் சாம்பல்,
அப்புறம் மயிரிழை அகலத்துக்குக் கறுப்பாய் ஓர் இடைவெளி.
காயும்போது கடிதம் சுருங்கி
உறையை விட்டு விலகிய இடம்.
அதற்கு அப்பால்
ஆப்பெழுத்துகள், வரி வரியாய்.
இடம் போதாமல் கடைசி வரி
ஓரத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஏறியிருந்தது,
மணி அடித்தபின் பரீட்சைத்தாளில் எழுதுவதுபோல.
உறையின் உட்சுவரில், யாருக்கும் காட்டாத பக்கத்தில்,
ஒரு கட்டைவிரல் அழுந்திய குழி.

தினமும் எலும்பு பார்க்கிறவள் நான்.
விரலே இல்லாத ஒரு விரலை
அன்றுதான் பார்த்தேன்.

படித்து முடிக்க ஏழு வாரம் ஆயிற்று.
தொலைபேசியில் தயங்கித் தயங்கி வாசித்தாள்:

பன்னிரண்டு துணி அனுப்பினேன்,
பத்துக்குத்தான் வெள்ளி வந்தது.
கழுதைக்காரன் மழை என்கிறான். எனக்கும் மழை தெரியும்.
துணி தடிமன் என்று இனி எழுதாதே,
கம்பளி என்ன விலை என்று உனக்கு யார் சொல்வது?
நீ எந்தத் திசையில் இருக்கிறாய் என்று சின்னவன் கேட்கிறான்.
நாளுக்கொரு திசையைக் காட்டுகிறேன்.

"இங்கே தெரியவில்லை" என்றாள் பெரிஹான்.
"இங்கேயும் தெரியவில்லை."
பக்கவாட்டில் ஏறிய வரியில் ஒரே சொல்:
வா.

அசூரிலிருந்து ஆறு வாரக் கழுதை நடை.
அந்த 'வா' வந்து சேர்ந்தது.
அலமாரியில் கிடந்தது.
ஒருநாள் வீடு எரிந்தது,
கூரை விழுந்தது, மரமெல்லாம் கரியாயிற்று.
இது மட்டும் வெந்து இறுகியது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்.
அன்றிரவு கோப்பை அழிக்காமல் போய்விட்டேன்.
காலைக்குள் அது மற்றவர்களின் முதுகெலும்பு, நுரையீரல்களோடு
அங்காராவில் படம் பார்க்கும் மருத்துவருக்குப் போய்விட்டது.
பார்க்க வேண்டியவை நூறு இருந்திருக்கும் பாவம்,
அறிக்கை அனுப்பியிருந்தார்:

பெண், முப்பத்தொன்பது.
முறிவு இல்லை.
உள்ளே அந்நியப் பொருள் ஒன்று, அசைவற்று.
பழைய படங்கள் இருந்தால்
ஒப்பிட்டுப் பார்க்கவும்.